ஆலையில்லா நிறுவனத்துக்கு இலுப்பைப்பூ சர்க்கரை

2001 ஜூன் கடைசியில் லண்டனில் ஒரு கூட்டம். முதலீட்டாளர்களும் பத்திரிகைக்காரர்களும் நிறைந்த அந்த அவையில், அல்காடெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தலைவர் செர்ஜ் சுருக் தன் எதிர்காலத் திட்டத்தைச் சொன்னார். அல்காடெல் கூடிய சீக்கிரம் ஆலைகளே இல்லாத நிறுவனமாகிவிடும் என்பதுதான் அந்தத் திட்டம். அப்போது அவர்களுக்கு உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஒரு 12 மட்டும் கையில் நிற்கும், மற்றதெல்லாம் வேறு கைக்குப் போகும் அல்லது மூடப்படும் என்று கணக்கும் சொன்னார்கள்.

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம்மூரில் சொல்வோம். பழமொழியில் வரும் ஆலை கரும்பாலை. கரும்பு பிழிய வழியில்லாத ஊர்க்காரன், கிடைத்த இலுப்பைப்பூவைச் சர்க்கரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்கிறான். பாவம், அவனுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் நூறு ஆலைக்குச் சொந்தக்காரர் ஒருவர், ஆலைகளை விற்றுவிட்டு இலுப்பைப்பூ பொறுக்கக் கிளம்பினால் அவரை என்னவென்று சொல்வது?

தொலைநோக்கு உள்ளவர் என்று சொன்னார்கள். எங்களுக்கு நடக்கும் மேனேஜ்மென்ட் பாடத்திலும் இன்றுவரை கிட்டத்தட்ட அதையேதான் சொல்லித் தருகிறார்கள். சுருக்கின் பெயர் வராது, கொள்கை மட்டும் வரும். மூளைவேலையை நீ வைத்துக்கொள், கைவேலையை வெளியே கொடுத்துவிடு. சொத்து சுமை, குறைந்த சொத்தே நிறைந்த லாபம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாங்கள் இதை மனப்பாடம் செய்து எழுதினால் 8 மார்க். நானும் எழுதியிருக்கிறேன், 7 வாங்கியிருக்கிறேன். அந்தக் கொள்கையை முழு விசுவாசத்தோடு நடத்திக்காட்டிய ஒரு மனிதரின் உத்தியோக வரலாற்றைப் பாடப்புத்தகம் ஏன் ஒரு வரி கூடச் சொல்வதில்லை என்பதுதான் என் சண்டை.

(பெயர்ப் பொருத்தத்தைக் கவனித்தீர்களா? சுருக்! பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த சுகம் கிடைத்திருக்காது. :-) )

சரி, முதலில் அவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சுருக் முட்டாள் இல்லை. 1937ல் மார்சேய் நகரத்தில் ஒரு அர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்தார். அது பிரான்சின் ஐ.ஐ.டி. என்று சொன்னால் பாதிதான் சரி; அங்கே படித்து முடித்தால் அரசாங்கக் கதவும் பெரிய கம்பெனிகளின் கதவும் ஒரே சாவியில் திறக்கும். ஆனால் சுருக் அந்த வழக்கமான பாதையில் போகவில்லை. 1964ல் மோபில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்து 15 வருஷம் அங்கேயே இருந்தார். பிறகு ரோன்-பூலாங் ரசாயன நிறுவனத்தில் உயர் பொறுப்புகள். 1986ல் அரசுக்குச் சொந்தமான நிலக்கரித் துறையின் ரசாயனப் பிரிவு பெரும் நஷ்டத்தில் கிடந்தபோது அதை அவர் தலையில் கட்டினார்கள். சில வருஷத்தில் லாபத்துக்குக் கொண்டுவந்தார். ஓர்கெம் என்று பெயர் மாற்றினார். கடைசியில் 1990 வாக்கில் அது துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு மற்ற நிறுவனங்களுக்குப் போனது. அதே 1990ல் டோட்டல் எண்ணெய் நிறுவனத்தின் தலைமை அவருக்கு வந்தது. 1991ல் டோட்டலின் பங்கு நியூயார்க் சந்தைக்குப் போனது. அடுத்த வருஷம் அரசு தன் பங்கில் பெரும்பகுதியை விற்றது. எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்டியதில் நியாயமும் இருந்தது.

இந்த ஜாதகத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். எரிகிற வீட்டுக்குள் போவது, நெருப்பை அணைப்பது, பாத்திரம் பண்டத்தை விற்றுக் கடனை அடைப்பது, அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடுவது. வீட்டைத் திரும்பக் கட்டி அதில் 20 வருஷம் குடியிருந்து பார்க்கும் வேலை அவருக்கு எங்கேயும் வாய்க்கவில்லை. இன்னொன்று: எண்ணெய்க் கம்பெனியில் இருந்தவரைக்கும் கிணறு இல்லாத எண்ணெய்க் கம்பெனி, சுத்திகரிப்பு ஆலை இல்லாத எண்ணெய்க் கம்பெனி என்றெல்லாம் யாரும் பேசியிருக்க முடியாது. பேசினால் சிரித்திருப்பார்கள். டெலிபோன் கருவி செய்யும் தொழிலுக்கு வந்ததும் எப்படி அது பேசக்கூடிய பேச்சாகிவிட்டது?

1995ல் அவர் தலைவராகப் போன நிறுவனத்தின் பெயர் அல்காடெல் அல்ஸ்தோம். அதன் வேர் 1898ல் பியேர் அசாரியா என்பவர் தொடங்கிய பொது மின்சாரக் கம்பெனி. (அசாரியாவும் அர்மீனிய வம்சாவளிக்காரர்தான். தொடங்கியதும் ஒரு அர்மீனியர், கரைத்ததும் ஒரு அர்மீனியர்... இதற்கு எந்த அர்த்தமும் கிடையாது, சொல்லத் தோன்றியது.) 1982ல் மித்தரான் ஆட்சி அதை நாட்டுடைமை ஆக்கியது, 1987ல் மறுபடி தனியார்மயம் ஆனது. மின் நிலைய டர்பைன், அதிவேக ரயில், மின் கம்பி, பேட்டரி, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், கடலடிக் கேபிள் என்று ஒரு தேசத்துக்கு வேண்டிய கனரக சாமான் அத்தனையும் அந்த ஒரு கூரைக்குக் கீழே இருந்தன. சுமார் 2 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள்.

நமக்கும் அந்த வீட்டோடு ஒரு பழைய உறவு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மான்காப்பூரில் ஐ.டி.ஐ. ஆலையில் 1980களில் இ10பி என்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் செய்தார்கள். உங்கள் அப்பா எஸ்.டி.டி. பூத்தில் நின்று சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசியிருப்பார் இல்லையா, அந்தப் பேச்சு இந்தக் குடும்பத்துக் கருவி வழியாகப் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தத் தொழில்நுட்பம் அல்காடெலுடையது. அது வெறும் வரைபடமாக வரவில்லை, ஆலையாக வந்தது.

சுருக்குக்கு முன்னால் இருந்த பியேர் சுவார் வழக்குகளில் சிக்கி, கம்பெனியை நிர்வகிக்கக் கூடாது என்று நீதிபதி தடை போடும் நிலைக்குப் போய்விட்டிருந்தார். சுருக் வந்தார். முதல் வருஷக் கணக்கில் 2,560 கோடி ஃபிராங்க் நஷ்டம் காட்டினார். பழைய தலைவர் காலத்துக் குப்பையை ஒரே வருஷத்தில் கூட்டிப் பெருக்கி வாசலில் கொட்டுவது, அடுத்த வருஷம் வீடு பளபளப்பது. புதுத் தலைவர்கள் எல்லோரும் செய்வதுதான், அதில் தப்பில்லை.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். எதிர்காலம் டெலிகாமில் இருக்கிறது, அதனால் மற்றதெல்லாம் போகட்டும். 1998ல் அல்ஸ்தோம் பங்குச் சந்தை வழியாக வெளியே போனது. போவதற்கு முன்னால் விசேஷ டிவிடெண்ட் என்ற பெயரில் 100 கோடி யூரோவுக்கும் அதிகமான தொகையைத் தாய்வீடுகள் இரண்டும் அதனிடமிருந்து உருவிக்கொண்டன. சீதனம் கொடுத்து அனுப்புகிற கல்யாணம் தெரியும், பெண்ணின் கழுத்து நகையைக் கழற்றிக்கொண்டு அனுப்புகிற கல்யாணம் இது. 2001ல் கேபிள் பிரிவு நெக்சான்ஸ் என்ற பெயரில் வெளியே போனது. 2004ல் சாஃப்ட் என்ற பேட்டரி நிறுவனம் 39 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் போனது.

விற்ற காசும் ஏறிய பங்கின் மதிப்பும் எங்கே போயின? 1998ல் டி.எஸ்.சி. என்ற அமெரிக்க நிறுவனத்தை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 1999ல் ஸைலன், சுமார் 200 கோடி டாலர். 2000ல், குமிழி உச்சியில் இருந்தபோது, கனடாவின் நியூபிரிட்ஜ், சுமார் 700 கோடி டாலர். டி.எஸ்.சி. வாங்கிய சூட்டோடு 1998 செப்டம்பர் 17 அன்று, லாபம் எதிர்பார்த்த அளவு வராது என்று அறிவித்ததில், அல்காடெல் பங்கு ஒரே நாளில் 38 சதவீதம் விழுந்தது. அது ஒரு எச்சரிக்கை. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. 2000 செப்டம்பரில் பங்கின் விலை 90 யூரோவைத் தாண்டிப் போனது. இரண்டே வருஷத்தில், 2002 இலையுதிர் காலத்தில், அது 2 யூரோ அளவுக்கு வந்து நின்றது. 2001, 2002 இரண்டு வருஷமும் கிட்டத்தட்ட 500 கோடி யூரோ வீதம் நஷ்டம்.

லண்டன் பேச்சு இந்தச் சரிவின் நடுவில் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். ஆர்டர் இல்லை, ஆலைகள் சும்மா கிடக்கின்றன, சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆலைகளைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இருந்தது நிஜம். ஆனால் 'கஷ்ட காலம், பாதி ஆலையை மூடுகிறேன்' என்று சொல்வது வேறு, 'ஆலை என்பதே இனி நமக்குத் தேவையில்லாத பொருள்' என்று சொல்வது வேறு. முதலாவது துக்கச் செய்தி. இரண்டாவது ஒரு சித்தாந்தம். அவர் இரண்டாவதைச் சொன்னார்.

இந்தச் சித்தாந்தம் முதலீட்டாளருக்கு ஏன் இனிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். 100 ரூபாய் முதல் போட்டு வருஷத்துக்கு 8 ரூபாய் சம்பாதிக்கிறீர்கள். 8 சதவீதம். இப்போது முதலில் பாதியான ஆலையை 50 ரூபாய்க்கு விற்றுவிடுகிறீர்கள். சாமானை அதே ஆலையிடம் காசு கொடுத்து வாங்குவதால் லாபம் 6 ரூபாயாகக் குறைகிறது. ஆனால் போட்ட முதல் இப்போது 50 தான். 12 சதவீதம்! லாபம் இறங்கியிருக்கிறது, விகிதம் ஏறியிருக்கிறது. விகிதத்தை மட்டும் பார்க்கிறவர் கைதட்டுகிறார். தலைவருக்கு போனஸும் பெரும்பாலும் விகிதத்தைப் பார்த்துத்தான்.

ஆலை என்ன ஆகிறது? பிரான்சின் மேற்கில் லாவால் என்றொரு ஊர். அங்கே அல்காடெல் கைபேசி செய்துகொண்டிருந்தது. 2001ல் அந்த ஆலை ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒப்பந்த உற்பத்திக் கம்பெனிக்குப் போனது. இப்படி விற்கிறபோது ஒரு வழக்கமான முறை இருக்கிறது. கட்டிடம், இயந்திரம், தொழிலாளி எல்லாம் ஒரே பொட்டலம். கூடவே சில வருஷத்துக்கு இவ்வளவு ஆர்டர் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதி. அந்த வருஷங்கள் முடிந்ததும் ஆர்டர் சுருங்கும் அல்லது வேறு நாட்டுக்குப் போகும். அப்போது ஆள் குறைக்கும் பழி ஒப்பந்தக் கம்பெனிக்குப் போகும், பழைய முதலாளியின் பெயர் பேப்பரில் கூட வராது. கை கழுவுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அல்காடெலில் 2000 இறுதியில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். 2005ல் 58 ஆயிரம் அளவில். நடுவில் காணாமல் போன 70 ஆயிரம் பேரில் எத்தனை பேர் 'விற்கப்பட்டவர்கள்', எத்தனை பேர் 'நீக்கப்பட்டவர்கள்' என்ற பிரிவெல்லாம் கணக்குப் புத்தகத்துக்குத்தான் முக்கியம்.

கைபேசியின் கதை இன்னும் ஒரு படி மேல். ஆலை போன மூன்றாம் வருஷம், 2004ல், கைபேசித் தொழிலையே சீனாவின் டி.சி.எல். நிறுவனத்தோடு கூட்டு வைத்தார்கள். அடுத்த வருஷம் முழுசாகவே அவர்களிடம் விட்டுவிட்டார்கள். மிஞ்சியது பெயர். 'அல்காடெல்' என்று போட்டுக்கொள்ளலாம், அதற்கு வாடகை. 2025ல் கூட அந்தப் பெயர் ஒட்டிய போன்கள் இந்தியாவுக்குப் புதிதாக வந்தன. பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரின் விரல் படாத பிரெஞ்சு போன். இதுதான் நான் சொன்ன இலுப்பைப்பூ.

இங்கே நிறுத்தி எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்கிறேன். வகுப்பில் இதைப் பேசினால் உடனே வரும் கேள்வி: ஆப்பிளுக்கு ஆலை இருக்கிறதா? சிஸ்கோவுக்கு இருக்கிறதா? நியாயமான கேள்விதான். சிஸ்கோ உண்மையிலேயே ஒரு பதில். மென்பொருளே பெரும்பங்காக இருக்கிற தொழிலில், முதலிலிருந்தே அப்படிப் பழகிய கம்பெனிக்கு அது நடக்கிறது. ஆப்பிளோ வேறு கதை. ஆலை அடுத்தவனுடையது, ஆனால் உள்ளே இருக்கும் பல இயந்திரங்கள் ஆப்பிள் காசில் வாங்கியவை. அதன் பொறியாளர்கள் விமானம் விமானமாகப் போய் அந்த லைன் ஓரத்திலேயே கிடப்பார்கள். உலோகத்தை எப்படிக் கடைவது, கண்ணாடியை எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆலையின் பத்திரம் அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். சுருக் செய்தது அதுவல்ல. அவர் பத்திரத்தோடு பழக்கத்தையும் சேர்த்து விற்றார்.

அந்தப் பழக்கம் என்றால் என்ன என்பதை எங்கள் துறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சர்க்யூட் போர்டைக் கணினியில் வரைந்துவிடலாம். முதல் ஐம்பது போர்டு லைனில் வரும்போதுதான் விஷயம் தெரியும். ஒரு பாகம் சூட்டில் லேசாக வளைகிறது, சாலிடர் விடுகிறது. டெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார், 'இந்த மூலையில் வைத்தால் எப்போதும் இப்படித்தான், அரை அங்குலம் தள்ளி வையுங்கள்' என்று. வரைந்தவர் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்ப்பார், அன்று சாயங்காலமே மாற்றுவார். அடுத்த முறை வரையும்போது கை தானாகவே அந்த மூலையைத் தவிர்க்கும். ஆலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அதே அரை அங்குலத்துக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு மாற்றக் கோரிக்கைப் படிவம், ஒரு விலைப்புள்ளி. நாலாவது தடவை யாரும் கேட்கமாட்டார்கள். டெஸ்ட் பெஞ்சில் இருந்தவரும் சொல்லமாட்டார், அது அவர் கம்பெனியின் பிரச்னை இல்லையே. மூளைவேலை, கைவேலை என்று பாடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்களே, அந்தக் கோடு ஆலைக்குள் எங்கே ஓடுகிறது என்று யாராவது எனக்குக் காட்டினால் நல்லது.

அந்தக் காலத்தில் சுருக் மட்டும் இந்த மந்திரம் ஓதவில்லை என்பதும் உண்மை. அமெரிக்காவின் லூசென்ட் 2001ல் தன் பெரிய ஆலைகளை ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு விற்றது. கனடாவின் நார்டெல் 2004ல் ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸோடு அதே மாதிரி ஒப்பந்தம் போட்டது. எரிக்ஸன் கூடக் கைபேசி உற்பத்தியை 2001ல் அவர்களிடமே கொடுத்தது. ஆனால் நெட்வொர்க் கருவி செய்யும் ஆலைகளில் சிலவற்றைக் கையை விட்டு விடவில்லை. 2020ல் அமெரிக்காவின் டெக்சாஸில் புது ஆலையே திறந்தது. சீனாவின் ஹுவாவேய் சொந்த உற்பத்தியை வைத்துக்கொண்டே வளர்ந்தது. இன்றைய நிலவரம்: நார்டெல் 2009ல் திவால். லூசென்ட் 2006ல் அல்காடெலோடு இணைந்து, இரண்டும் சேர்ந்து மூழ்கின. எரிக்ஸனும் ஹுவாவேயும் இருக்கின்றன. இதை வைத்தே வழக்கு நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சீன விலை, சீன வங்கிக் கடன், நிர்வாகச் சண்டை, தப்பான தொழில்நுட்பத்தில் போட்ட பணம் என்று காரணம் பல. நார்டெலின் கணக்கு மோசடி தனிக் கதை. ஆனால் ஆலையை விற்றால் பிழைப்போம் என்றுதானே வாக்குக் கொடுத்தார்கள்? விற்றார்கள். பிழைத்தார்களா?

லூசென்ட் இணைப்பு சுருக்கின் கடைசிப் பெரிய காரியம். 2001லேயே முயன்று முறிந்த சம்பந்தம், 2006ல் கைகூடியது. பட்ரீஷியா ருஸோ நிர்வாகத் தலைவர், சுருக் அவைத் தலைவர். அந்தப் பொறுப்பு மாறும்போது அவருக்கு 50 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் பங்கின் விலை பாதிக்கும் கீழே போனது. 2008 ஜூலையில் இருவரும் விலகுவதாக அறிவித்தார்கள். அந்த வருஷ நஷ்டம் 500 கோடி யூரோவைத் தாண்டியது. 2015ல் நோக்கியா 1,560 கோடி யூரோ மதிப்புக்குப் பேரம் பேசி, 2016ல் முழுசாக விழுங்கியது. 1898ல் தொடங்கிய வீட்டின் அந்தக் கிளை அத்தோடு முடிந்தது. விழுங்கிய நோக்கியாவிடம் சொந்த ஆலைகள் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று நம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நெட்வொர்க் கருவி செய்கிறது.

இப்போது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சுருக் எதையெல்லாம் பழசு, கனம், எதிர்காலம் இல்லாதது என்று கழற்றி விட்டாரோ, அதெல்லாம் என்ன ஆனது?

அல்ஸ்தோம், அல்ஸ்டாம் என்ற பெயரில், 2003ல் சாகக் கிடந்தது. பெரிய காரணம் ஏ.பி.பி.யிடமிருந்து வாங்கிய கோளாறான கேஸ் டர்பைன்கள். பிறந்த வீட்டில் கழற்றிய நகையும் அந்த நேரத்துக்கு உதவியிருக்கும். அரசாங்கம் கைகொடுத்துக் காப்பாற்றியது. மின் நிலையப் பிரிவு பிற்பாடு அமெரிக்காவின் ஜி.இ.க்குப் போனது, ரயில் பிரிவு நின்றது. சென்னை மெட்ரோவின் முதல் கட்ட ரயில்களில் ஏறியிருக்கிறீர்களா? அவை அல்ஸ்டாம் செய்தவை. முதலில் சில பிரேசிலிலிருந்து வந்தன, மற்றவை ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் இருக்கும் அவர்கள் ஆலையில் செய்யப்பட்டன. நெக்சான்ஸ் இன்று உலகின் பெரிய கேபிள் நிறுவனங்களில் ஒன்று. காற்றாலை மின்சாரம் கடலிலிருந்து கரைக்கு வர அந்தக் கேபிள் வேண்டும். சாஃப்ட் பேட்டரியை 2016ல் ஒரு நிறுவனம் சுமார் 95 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. எந்த நிறுவனம் தெரியுமா? டோட்டல். சுருக் தலைவராக இருந்த அதே டோட்டல், சுருக் 39 கோடிக்கு விட்ட அதே சாஃப்டை, 95 கோடிக்கு. மின்சாரக் கார் காலத்தில் பேட்டரி தெரிந்தவனுக்கு என்ன மரியாதை என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆக, ஆலையோடு வெளியே துரத்தப்பட்ட பிள்ளைகள் தத்தித் தடுமாறியாவது பிழைத்துக்கொண்டார்கள். செல்லமாக வீட்டில் வைத்துக்கொண்ட பிள்ளை, கையில் அழுக்குப் படாமல் வளர்ந்த பிள்ளை, போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு தலைவர் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுப்பதுதான் அவர் தொழில் என்றால், இந்தத் தேர்வுக்கு என்ன மார்க் போடுவது?

இதில் நமக்கு என்ன, பிரான்சில் மூடினால் ஸ்ரீபெரும்புதூரில் திறக்கிறான், நல்லதுதானே என்று ஒரு நண்பன் கேட்டான். பாதி சரி. ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ், ஃபாக்ஸ்கான் எல்லாம் அங்கே வந்ததும், எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போனதும் இந்தச் சித்தாந்தத்தின் மறுபக்கம்தான். அந்தச் சம்பளத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது தெரியாமல் பேசவில்லை. ஆனால் ஆலையைச் சுமை என்று நினைப்பவனிடமிருந்து அந்தச் சுமையை வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறவனுக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலை 2006ல் திறந்தது, உச்சத்தில் நேரடி வேலை மட்டும் சுமார் 8 ஆயிரம் பேருக்கு. 2014 ஏப்ரலில் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் பொட்டலத்தில் சேராமல் பின்தங்கியது. தொழில் போய்விட்டது, ஆலை நின்றது. மைக்ரோசாப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1 அன்று கதவடைத்தார்கள். லாவால்காரர்களுக்கும் இவர்களுக்கும் மொழி தெரியாது, ஒருவரை ஒருவர் பார்த்ததும் இல்லை. பார்த்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும்.

பிரான்சிலும் இப்போது பேச்சு மாறியிருக்கிறது. 2020ல் கொரோனா வந்தபோது அங்கே பாராசிட்டமால் மூலப்பொருள் செய்ய ஒரு ஆலை கூட இல்லை. கடைசியாக இருந்தது ரூசியோனில், பழைய ரோன்-பூலாங்கின் வாரிசு ரோடியா நடத்தியது, 2008ல் நின்றுபோனது. அரசாங்கம் பணம் கொடுத்து அதே ஊரில் புதிதாகக் கட்ட வைத்தது. இப்போதெல்லாம் அங்கே ஆலைகள் காணாமல் போனதைப் பற்றி யார் எழுதினாலும் சுருக்கின் லண்டன் வாக்கியத்தை எடுத்துப் போடுகிறார்கள். சுருக் அன்று சொன்னதை மற்ற தலைவர்கள் சொல்லாமல் செய்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வகையில் அவர் வெளிப்படையானவர்.

கடைசியாக ஒன்று. நோக்கியா விழுங்கிய அல்காடெலுக்குள் விற்காமல் தப்பிய ஒரு பழைய சாமான் இருந்தது. கடலடிக் கேபிள் பிரிவு. கண்டங்களுக்கு நடுவே இணையம் ஓடுவது அந்தக் கண்ணாடி இழைகளில்தான். ஆங்கிலக் கால்வாய்க் கரையில், கலே துறைமுகத்தில் அதன் ஆலை. 2024 ஜூனில் நோக்கியா அதை விற்பதாக அறிவித்தது, அந்த ஆண்டுக் கடைசி நாளில் விற்பனை முடிந்தது. 80 சதவீதத்தை வாங்கியவர் பிரெஞ்சு அரசாங்கம். நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு 35 கோடி யூரோ. அதில் கேபிள் பதிக்கும் கப்பல்கள் உண்டு, மூளைவேலைக்காரர்கள் உண்டு, ஆலையும் உண்டு.